நீர் எந்த ஒளிக்கு வழிவிடும், எதை மறிக்கும்: மூன்று மீட்டர் குழாயும் ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி.யும் கொண்டு அளந்து பார்க்கும் முறை

நீருக்கு நிறமில்லை என்று பள்ளித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். டம்ளர் அளவுக்கு அது சரி. அதே நீரை மூன்று மீட்டர் நீளத்துக்கு நிறுத்தி அதன் வழியே பார்த்தால் வெள்ளைத் தாள் நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பிலோ ஐந்து சென்டிமீட்டர் நீரே பாதிக்கு மேல் ஒளியை விழுங்கிவிடும். இந்த இரண்டையும் வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ அளக்கலாம். கடினமான கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் தவறான எண் வருவதற்கு நிறைய வழிகள் உண்டு. அவற்றைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

அளப்பதற்கு முன் காரணத்தைப் பார்த்துவிடுவோம். நீர் மூலக்கூறு ஒளியைப் பிடித்துக்கொள்ள மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, எலக்ட்ரானை மேல்மட்டத்துக்குத் தூக்குவது. அதற்கு ஏறக்குறைய 7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதாவுக்கே 3.1தான் இருக்கிறது, சிவப்புக்கு 1.8. ஆகவே அந்தக் கதவு அலைநீளம் சுமார் 190 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாவில்தான் திறக்கும். இரண்டு, ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பை ஸ்பிரிங் போல அதிர வைப்பது. அதன் அடிப்படை அதிர்வு 3 மைக்ரோமீட்டர் அருகே, நடு அகச்சிவப்பில் இருக்கிறது. மூன்று, மூலக்கூறையே புரட்டுவது. இது மைக்ரோவேவ் பக்கத்து வேலை. முதல் கதவுக்கும் இரண்டாவது கதவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நாம் காணும் ஒளி விழுகிறது. பிடிக்க ஆளில்லை, அதனால் கடந்து போகிறது.

இடைவெளி எவ்வளவு ஆழமானது என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 2.94 மைக்ரோமீட்டர் ஒளியைப் பாதியாக்க நீருக்கு அரை மைக்ரோமீட்டரைச் சற்றுத் தாண்டிய தடிமன் போதும். 418 நானோமீட்டர் ஊதா ஒளியைப் பாதியாக்கச் சுத்தமான நீர் சுமார் 157 மீட்டர் வேண்டும். ஒரே திரவம்தான், உட்கவரும் திறனில் வேறுபாடு 25 கோடி மடங்குக்கும் மேல்.

ஆனால் இடைவெளியின் சிவப்பு ஓரம் அப்படியொன்றும் சுத்தமாக வெட்டப்பட்டதில்லை. அதிரும் பிணைப்பு ஒரே தாவலில் இரண்டு, மூன்று, நான்கு படிகளும் ஏறும். படி கூடக்கூட அந்தத் தாவல் அரிதாகும், ஆனால் நின்றுவிடாது. இவற்றை மேற்சுரங்கள் என்பார்கள். 1450 நானோமீட்டரில் ஒன்று, 970 அருகே அடுத்தது, 740 அருகே இன்னொன்று. அவற்றின் மெல்லிய வால் 600 வரை நீள்கிறது. நீர் சிவப்பைத் தின்பதற்கு இதுதான் காரணம். நிறங்கள் பொதுவாக எலக்ட்ரான்கள் தாவுவதால் பிறப்பவை. அணு அதிர்வால் நிறம் பெறும் பொருள்களில் நம் அன்றாடத்தில் இருப்பது நீர்தான். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் (எடை கூடிய ஹைட்ரஜன்) உள்ள கனநீரில் அதிர்வு மெதுவாகி, பட்டைகள் சுமார் 1.4 மடங்கு நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்துவிடும். எனவே அதே மூன்று மீட்டரில் கனநீர் நிறமற்றே இருக்கும்.

மூன்று மீட்டர் குழாய்

வெளிவிட்டம் 50 மி.மீ. உள்ள பி.வி.சி. குழாய், 3 மீட்டர். சாம்பல் நிற விவசாயக் குழாயே போதும். வெள்ளைக் குழாயில் வெளிச்சம் கொஞ்சம் கூடும். வெயிலில் கிடந்து மஞ்சளடித்தது வேண்டாம். கடையிலேயே ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வளைந்த குழாயை வீட்டில் நிமிர்த்த முடியாது. இரண்டு சென்டிமீட்டர் தொய்வு இருந்தாலே பார்வையில் பாதி போய்விடும். 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டில் 6 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டு, ஒரு டியூப் சிலிகான், 80ஆம் எண் உப்புத்தாள், 8 மி.மீ. மெல்லிய டியூப் இரண்டு மீட்டர்.

முனைகளை ஹேக்ஸா பிளேடால் நேராக அறுத்து, உப்புத்தாளைத் தட்டையான டைல்ஸ் மேல் வைத்துத் தேய்த்துச் சமமாக்குங்கள். உட்புறத்தைப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரால் கழுவி, குறைந்தது நான்கு முறை அலசுங்கள். அறுத்த தூளும் எண்ணெய்ப் படலமும் உள்ளே இருந்தால் பிறகு நீர் மங்கும். ஒரு முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளி, மேல்புறத்தில் 15 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். அக்ரிலிக் துண்டின் பாதுகாப்புத் தாளை ஒட்டும் நேரத்தில்தான் உரிக்க வேண்டும். முன்பே உரித்தால் கீறல் விழும். சிலிகானை விளிம்பில் தடவி ஒட்டி, முழுதாக 24 மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டு ஆறு மணி நேரத்தில் நீர் ஊற்றினால் கசியும், அதோடு சிலிகானின் புளிப்பு வாடையும் நீரில் கலக்கும்.

குழாயைப் படுக்கவைத்தே பயன்படுத்துங்கள். நிறுத்தினால் மூன்று மீட்டர் நீரின் அழுத்தம் கீழ் அக்ரிலிக்கில் ஏறத்தாழ ஐந்து கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும்; சிலிகான் பி.வி.சி.யில் அவ்வளவு உறுதியாகப் பிடிப்பதில்லை. இரு முனையிலும் நடுவிலும் தாங்கு கொடுத்து, துளை உள்ள முனையைப் பத்து சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள். டியூபைத் துளை வழியே கீழ்முனை நோக்கி எவ்வளவு போகுமோ அவ்வளவு நுழைத்து, உயரத்தில் வைத்த குடத்திலிருந்து நீரை இறக்குங்கள். நீர் கீழிருந்து நிரம்பும். காற்று துளை வழியே வெளியேறும். மேலிருந்து கொட்டினால் நீர்க்குமிழி சுவரெங்கும் ஒட்டிக்கொள்ளும், பிறகு தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். மொத்தம் ஐந்து லிட்டர் பிடிக்கும்.

எந்த நீர்? முதல் முறை டிஸ்டில்டு வாட்டர் அல்லது ஆர்.ஓ. நீர். கடினத்தன்மை தரும் உப்புகளும் சமையல் உப்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தொடுவதில்லை. தொல்லை தருவது இரும்பும், அழுகிய இலைச் சாறு போன்ற கரிமப் பொருளும்தான். அவை நீல ஒளியைத் தின்னும். ஆகவே போர்வெல் நீரும் ஏரி நீரும் குழாயில் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும். அது நீரின் குற்றமில்லை, அதில் கலந்ததன் நிறம். குடத்து நீரை முதல் நாளே அறை வெப்பத்தில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த நீர் குழாய்க்குள் சூடேறும்போது கரைந்த காற்று சிறு குமிழிகளாகப் பிரிந்து அக்ரிலிக்கின் உட்புறத்தை மூடும். எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்து ஆறிய நீர் இன்னும் நல்லது.

இப்போது மறுமுனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, நேர் வெயில் விழும்படி ஒரு வெள்ளைத் தாளை நிறுத்திப் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி. விளக்கு இதற்கு ஒத்துவராது. அதில் 650 நானோமீட்டருக்கு அப்பால் சிவப்பு மிகக் குறைவு. இல்லாத சிவப்பை நீர் எப்படித் தின்னும்? வெயில் இல்லையென்றால் பழைய குண்டு பல்பு. நிரப்புவதற்கு முன் காலிக் குழாய் வழியே பார்த்துப் பழகிக்கொள்வது கட்டாயம். இரண்டு குழாய் செய்து, ஒன்றை வெறுமையாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகமே எழாது.

எதிர்பார்க்க வேண்டிய கணக்கு இது. சுத்தமான நீரில் மூன்று மீட்டர் கடந்தபின் 450 நானோமீட்டர் நீலத்தில் 97 சதவீதம் மிஞ்சும். 550 பச்சையில் 84, 600 ஆரஞ்சில் 51, 650 சிவப்பில் 36, 700 அடர்சிவப்பில் 15. இடம் இருந்தால் ஆறு மீட்டராக நீட்டுங்கள். 700இல் இரண்டரை சதவீதம்கூட மிஞ்சாது, நிறம் கண்ணில் அறையும். மாறாக, ஏழு சென்டிமீட்டர் டம்ளரில் 700க்கே நான்கு சதவீத இழப்புதான். கண்ணாடியின் ஒவ்வொரு புறமும் காற்றைத் தொடும் இடத்தில் எதிரொளிப்பில் போவதே அந்த அளவு இருக்கும். டம்ளர் நீர் நிறமற்றுத் தெரிவதன் ரகசியம் இவ்வளவுதான்.

கைப்பேசியில் படம் எடுப்பதாக இருந்தால் தானியங்கி வெள்ளைச் சமன்பாட்டை அணைத்து, புரோ மோடில் ஒரே மதிப்பில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கேமரா நீலத்தைக் கண்டதும் அதை வெள்ளையாக்க முயன்று, உங்கள் முடிவை அழித்துவிடும். சாதாரண ஜேபெக் படத்தில் உள்ள சிவப்பு, பச்சை எண்களை வகுத்து உட்கவர்தல் குணகம் (குறிப்பிட்ட நீளத்தில் நீர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று சொல்லும் எண்) கணக்கிடாதீர்கள். அந்த எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. கேமரா மாற்றம் செய்யாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பு கிடைத்தால் மட்டும் கணக்குப் போடலாம்.

வட்டம் நீலமாகாமல் பழுப்பு கலந்து மங்கினால் தூசியோ குமிழியோ ஒளியைச் சிதறடிக்கிறது என்று பொருள். வடிகட்டி மீண்டும் நிரப்புங்கள். இரண்டு நாளுக்கு மேல் நீரை உள்ளே வைக்காதீர்கள். பாசி பிடித்தால் மூன்று மீட்டர் குழாய்க்குள் தேய்த்துக் கழுவுவது பெரும்பாடு.

அகச்சிவப்பு அளவீடு

முதல் சோதனை கண்ணுக்கானது, இது எண்ணுக்கானது. 940 நானோமீட்டர் எல்.இ.டி. ஒன்று (டி.வி. ரிமோட்டில் இருப்பது பெரும்பாலும் இதுவே), ஒப்பீட்டுக்கு ஒரு சிவப்பு எல்.இ.டி., பிபிடபிள்யூ34 போட்டோடையோடு (ஒளி பட்டால் மின்சாரம் தரும் உணரி), 100 ஓம், 150 ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, 5 வோல்ட் யு.எஸ்.பி. சார்ஜர், மில்லிவோல்ட் காட்டும் மல்டிமீட்டர், உள்ளகலம் 5 செ.மீ. உள்ள தட்டைச் சுவர் அக்ரிலிக் பெட்டி.

வாங்கும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். போட்டோடையோடு தெளிந்த உறை கொண்டதாக இருக்கட்டும். கறுப்பு உறை உள்ள வகை கண்ணுக்குத் தெரியும் ஒளியை வடிகட்டிவிடும், சிவப்பு ஒப்பீடு பாழாகும். எல்.டி.ஆர். (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் உணரி) வேண்டாம், அதற்கு 940 கிட்டத்தட்டத் தெரியாது. இரண்டு எல்.இ.டி.யும் ஒரே 5 மி.மீ. அளவில், ஒரே கோணத்தில் ஒளி விரிப்பவையாக இருக்க வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

அகச்சிவப்பு எல்.இ.டி.யோடு 100 ஓம் தொடராக வைத்தால் சுமார் 38 மில்லி ஆம்பியர் ஓடும். சிவப்புக்கு 150 ஓம், 20 மில்லி ஆம்பியர். போட்டோடையோடின் இரு கால்களுக்குக் குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை இணைத்து, அதன் மேல் உள்ள மின்னழுத்தத்தை 200 மில்லிவோல்ட் அளவில் படியுங்கள். பேட்டரி எதுவும் தேவையில்லை. ரெசிஸ்டரை இன்னும் பெரிதாக்கி எண்ணைப் பெருக்க நினைக்காதீர்கள். 100 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும்வரை ஒளிக்கும் எண்ணுக்கும் நேர்விகிதம் நம்பகமானது. சில நூறு மில்லிவோல்ட்டைத் தொட்டால் டையோடு தானே கடத்தத் தொடங்கி, ஒளி கூடினாலும் எண் ஏறாது.

எல்.இ.டி.களை ஒரு சுவரிலும் போட்டோடையோடை எதிர்ச் சுவரிலும் ஒட்டி நிலைப்படுத்துங்கள். பெட்டியை இதன்பிறகு நகர்த்தக் கூடாது. நீரை டியூப் வழியே ஊற்றி, அதே டியூபால் உறிஞ்சி எடுங்கள். முழு அமைப்பையும் அட்டைப்பெட்டியால் மூடி, டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் எல்.இ.டி. அணைந்த நிலையில் ஓர் எண் எடுத்து அதைக் கழிக்க வேண்டும். எரியவிட்டு மூன்று நிமிடம் பொறுத்துப் படியுங்கள், சூடேறும்போது எல்.இ.டி.யின் ஒளி குறையும், அலைநீளமும் சற்று நகரும்.

பெட்டியில் நீர் ஊற்றியதும் சிவப்பு எண் குறையாது, ஏறும். பலர் இங்கேதான் குழம்பிக் கைவிடுகிறார்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், விரிந்துகொண்டே போகும் ஒளிக்கற்றை நீருக்குள் குறைவாகவே விரிகிறது. ஐந்து சென்டிமீட்டர் நீர் 3.75 சென்டிமீட்டர் போல நடந்துகொள்ளும். கூடவே, அக்ரிலிக்கின் உட்புறச் சுவர் காற்றுக்குப் பதில் நீரைத் தொடுவதால் எதிரொளிப்பு இழப்பும் குறைகிறது. இதே ஆதாயம் அகச்சிவப்புக்கும் கிடைக்கும். ஆனால் ஐந்து சென்டிமீட்டரில் சிவப்பு இழப்பது இரண்டு சதவீதத்துக்கும் கீழ். எனவே சிவப்பின் ஏற்றத்தை அளவுகோலாக வைத்து அகச்சிவப்பைத் திருத்தலாம்.

கணக்குக்கு ஒரு மாதிரி: காலிப் பெட்டியில் 940க்கு 30.0 மில்லிவோல்ட், நீரில் 14.4 என்றால் விகிதம் 0.48. சிவப்பு 40.0இலிருந்து 58.0 ஆனால் 1.45. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.33, இதுதான் நீர் உண்மையில் கடத்திய பங்கு. கால்குலேட்டரில் இதன் இயல் மடக்கையை எடுத்து, குறியை மாற்றி, 5ஆல் வகுத்தால் உட்கவர்தல் குணகம் சென்டிமீட்டருக்கு 0.22. துல்லியக் கருவிகளில் 940இல் கிடைப்பது சுமார் 0.27. உங்கள் எண் சற்றுக் குறைவாக வருவது பிழையல்ல. எல்.இ.டி. ஒரே அலைநீளத்தை உமிழ்வதில்லை. 915 முதல் 965 வரை பரவியிருக்கும். 970 அருகே நீர் வெகுவாக உறிஞ்சும், 915இல் மென்மையாக. எளிதில் பிடிபடும் பகுதி முதலிலேயே போய்விட, தப்பிக்கக்கூடியதே மிஞ்சுகிறது. அதனால்தான் பெட்டியைப் பத்து சென்டிமீட்டராக்கினால் கணக்கிட்ட குணகம் இன்னும் இறங்கும். ஒரு சென்டிமீட்டர், இரண்டு, ஐந்து என மூன்று தடிமனில் எடுத்து வரைபடம் போட்டால் இந்த வளைவே கண்ணுக்குத் தெரியும்.

வெந்நீர் வேண்டாம். சூட்டில் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர, 970 பட்டை குறைந்த அலைநீளம் நோக்கி நகரும். 940இல் உறிஞ்சல் கூடிவிடும். தேங்காய் எண்ணெயை ‘நீரில்லாத திரவம்’ என்று ஒப்பீட்டுக்கு வைப்பதும் ஏமாற்றும். கொழுப்பில் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்கு 930 அருகே தனிப் பட்டை உண்டு. ரிமோட்டின் முன் தண்ணீர் பாட்டிலை வைத்து டி.வி. அணைகிறதா என்று பார்க்கும் சோதனையும் எதையும் நிரூபிக்காது. டி.வி.யின் உணரி பத்தில் ஒரு பங்கு ஒளியிலும் வேலை செய்யும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியே போதும். இன்னொன்று: அகச்சிவப்பு எல்.இ.டி.யை நெருக்கமாக உற்றுப் பார்க்காதீர்கள். கண் சிமிட்டவைக்கும் கூச்சம் அதில் இல்லை. எரிகிறதா என்று அறியக் கைப்பேசியின் முன்கேமரா போதும்.

சிதறல் வேறு, உட்கவர்தல் வேறு

ஒரு லிட்டர் நீரில் கொழுப்பு நீக்கிய பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். மூன்று நான்கு சொட்டில் பக்கவாட்டில் இளநீலமும் நேரெதிரே ஆரஞ்சும் தெரியும். இங்கே ஒளி எங்கும் மறையவில்லை, திசைதான் மாறியது. இருபது சொட்டைத் தாண்டினால் பலமுறை சிதறி வெறும் வெள்ளையாகும். தெளிந்த பனிக்கட்டியும் வெண்பனியும் ஒரே பொருளாக இருந்தும் வேறாகத் தெரிவது இதனால்தான். கலங்கல் நீரைப் படிகாரமோ தேத்தான்கொட்டையோ தெளியவைப்பது சிதறடிக்கும் துகளைத் திரட்டி அடியில் இறக்குவதால். கரைந்த நிறத்தை அவ்வளவு எளிதில் அவை நீக்கிவிடாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இல் கலங்கலுக்கு 1 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) ஏற்கத்தக்க அளவு, வேறு நீராதாரம் இல்லையென்றால் 5 வரை. வீட்டு யு.வி. வடிகட்டியின் 254 நானோமீட்டர் ஒளிக்குச் சுத்த நீர் வழிவிடும். கலங்கல் இருந்தால் கிருமிகள் துகளின் நிழலில் ஒளிந்துகொள்ளும்.

கடல் நீலம் வானத்தின் பிம்பமா என்ற கேள்விக்கு 1921இல் கப்பலிலிருந்தபடியே விடை தேடினார் சி.வி. ராமன். நீர்ப்பரப்பின் எதிரொளிப்பை நிகோல் முப்பட்டகத்தால் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) அணைத்துப் பார்த்தார், நீலம் மறையவில்லை. அவர் சிதறலையே முதன்மைக் காரணமாகக் கொண்டார். திரும்பி மேலே வரும் ஒளியைச் சிதறல் தருகிறது, அதிலிருந்து சிவப்பை எடுப்பது உட்கவர்தல் என்பது இன்றைய புரிதல். அவர் செய்ததை நீங்களும் போலராய்டு கண்ணாடியால் செய்யலாம்: செங்குத்திலிருந்து 53 பாகை சாய்வில் நீரைப் பார்த்து, கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் பளபளப்பு அடங்கி, அடித்தரை தெரியும்.

ஏரியிலோ குளத்திலோ அளக்க செக்கி தட்டு போதும். 20 செ.மீ. விட்டத் தகடு, நான்கு கால் பகுதிகளாகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்தது, அடியில் அரைக் கிலோ எடை, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட நீட்சியற்ற கயிறு. காலை 10 முதல் பிற்பகல் 2க்குள், படகின் நிழல் பக்கத்தில் இறக்குங்கள். மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் சராசரி எடுங்கள். 1.7ஐ அந்த ஆழத்தால் வகுத்தால் ஒரு மீட்டருக்கு ஒளி குறையும் வீதம் தோராயமாகக் கிடைக்கும்: 1.7 மீட்டரில் மறைந்தால் வீதம் 1, அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் 37 சதவீதமே மிஞ்சும். அளக்கும்போது குளிர்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கிணற்றில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அங்கே தட்டு மறைவதற்கு நீரைவிடச் சுவரின் நிழலே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.